தோட்டத்தில் திரண்ட மூலதனம்

ஒரு நாடு தன் வருவாயில் எத்தனை பங்கை உண்டு தீர்க்காமல் மூலதனமாக்குகிறது என்பது அதன் வளர்ச்சிக்கு ஓர் அளவுகோலாகும். நூற்றுக்கு 4, 5 பங்கே மிச்சம் பிடித்த நாடு 12 முதல் 15 பங்கு வரை மிச்சம் பிடிக்கும் நாடாவது எங்ஙனம் என்பதே வளர்ச்சிப் பொருளாதாரத்தின் தலையாய வினா என 1954-இல் ஆர்தர் லூயிஸ் எழுதினார். நெகிரி செம்பிலான் ரப்பர்த் தோட்டங்களின் வரலாற்றில் அதற்கு ஒரு விடை உண்டு.

ரப்பர் மரம் நட்டபின் ஆறேழு ஆண்டுகள் பால் தராது. அதுகாறும் காடழிக்கவும், லயங்கள் கட்டவும், கூலி கொடுக்கவும் பணம் வேண்டும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அப்பணம் பெரிதும் லண்டனிலிருந்து வந்தது. இம்மாநிலத்தில் கத்ரி நிறுவனத்தின் நிர்வாகத்தில் இருந்த லிங்கி தோட்டக் கம்பெனி இத்தகையது. மூலதனம் வந்த வழியே இலாபத்தின் பெரும்பகுதியும் திரும்பிற்று.

தமிழ்நாட்டிலிருந்து ஆள் கொணரும் செலவுக்கென 1907-இல் முதலாளிகளிடம் வரி திரட்டி ஒரு நிதி அமைத்தனர். கப்பற் கூலி முதலீட்டுக் கணக்கில் ஏறிற்று. காட்டைத் தோட்டமாக்கிய உழைப்போ வெறும் கூலிக் கணக்கிலேயே நின்றது.

இந்நிலையை 1951-ஆம் ஆண்டின் ஊழியர் சேமநிதிச் சட்டம் ஓரளவு மாற்றியது. தொழிலாளியின் ஊதியத்தில் நூற்றுக்கு 5 பங்கும், முதலாளியின் பங்காக மேலும் 5 பங்கும் நிதியில் சேர்ந்தன. அந்நிதியின் பெரும்பகுதி அரசாங்கக் கடன் பத்திரங்களில் இடப்பட்டது. சிரம்பானிலும் ரெம்பாவிலும் விடியற்காலையில் பால் வெட்டியவரின் சிறு சேமிப்பு, இவ்வாறு நாட்டின் வளர்ச்சித் திட்டங்களுக்குக் கடனாயிற்று.

அதே பத்தாண்டில் ஐரோப்பிய முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்று மூலதனத்தை மீட்டுக்கொண்டனர். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டுகளாக்கி விற்றனர். 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த இத்துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அசீஸ் ஆராய்ந்தார். மூலதனம் வெளியேறியபோது தொழிலாளி வேலையோடு வீட்டையும் இழந்தான்.

இதற்கு மாற்றாக வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் மாதத் தவணையாக வெள்ளிகளைச் செலுத்திப் பங்குதாரராயினர். 1961-இல் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் முதல் உடைமையாயிற்று.

லூயிஸ் தம் விடையை முதலாளிகளின் இலாபத்தில் தேடினார். கூலிக்காரனும் மிச்சம் பிடிப்பான் என்பதை இவ்வரலாறு காட்டுகின்றது. அம்மிச்சம் யாருடைய பெயரில் மூலதனமாகிறது என்பதைப் பொறுத்தே, தோட்டத்தில் அவன் குடியிருப்பதும் வெளியேறுவதும் அமைந்தன.