உலோகங்களின் வினைபடு வரிசை

ஆக்சிஜன், நீர், அமிலம், பிற உலோகங்களின் உப்புக்கரைசல் ஆகியவற்றோடு எவ்வளவு எளிதில் வினைபுரிகின்றன என்பதைக் கொண்டு உலோகங்களை மேலிருந்து கீழாக அடுக்கும் முறை வினைபடு வரிசை எனப்படும். பாடநூல்களில் அது பொட்டாசியம், சோடியம், கால்சியம், மக்னீசியம், அலுமினியம், துத்தநாகம், இரும்பு, வெள்ளீயம், காரீயம், ஹைட்ரஜன், செம்பு, பாதரசம், வெள்ளி, தங்கம் என அமையும். ஹைட்ரஜன் உலோகம் அன்று. நீர்த்த அமிலத்திலிருந்து அதை வெளியேற்ற வல்லவை எவை, இயலாதவை எவை என்று எல்லை காட்டவே இடையில் வைக்கப்படுகிறது.

இந்த வரிசையைக் கீழிருந்து மேலாகப் படித்தால், பெரும்பாலும் மனிதர் உலோகங்களைக் கைக்கொண்ட வரலாறே தெரியும். தங்கம் மண்ணில் தனித்தே கிடைத்தது. செம்பைத் தாதுவிலிருந்து உருக்கியதற்கு, பொ.ஆ.மு. 5000 அளவில் செர்பியாவின் பெலோவோடெயில் சான்று உள்ளது. இரும்பு பரவலானது அதற்குப் பல ஆயிரம் ஆண்டுகள் கழித்தே. துத்தநாகம் இன்னும் கடினமானது. அதன் ஆக்சைடைக் கரியால் ஒடுக்கத் தேவைப்படும் வெப்பத்தில் உலோகம் ஆவியாகிவிடும் (கொதிநிலை 907° செ.), அந்த ஆவி காற்றுப் பட்டதும் மீண்டும் ஆக்சைடாகும். ராஜஸ்தானின் ஜாவரில் இடைக்காலத்தில் மண் வாலைகளைத் தலைகீழாகக் கவிழ்த்து, ஆவியைக் கீழே குளிர்வித்துப் பிடித்தனர். ஐரோப்பாவில் வில்லியம் சாம்பியன் இம்முறைக்குக் காப்புரிமை பெற்றது 1738இல்தான்.

ஓர் உலோகம் இன்னொன்றைக் கரைசலிலிருந்து வெளியேற்றுவதைப் பழங்காலத்தவரும் கண்டிருந்தனர். சீனாவில் சோங் அரசர் காலத்தில் செம்பு உப்புக் கரைந்த சுரங்க நீரில் இரும்புத் தகடுகளை இட்டுப் பெருமளவில் செம்பு எடுத்தார்கள். அப்போதைய ஹங்கேரியின் ஹெரன்குருண்ட் சுரங்கத்தில் (இன்று ஸ்லோவாக்கியாவின் ஷ்பானியா டோலினா) இவ்வாறு கிடைத்த செம்பில் கிண்ணங்கள் செய்து, இரும்பே செம்பாக மாறியதாக அவற்றில் பொறித்தனர். ரசவாதிகளுக்கு இது கண்கண்ட சான்று. 1617இல் ஆஞ்செலோ சாலா மயில்துத்தத்தை (செம்பு சல்பேட்டை) பிரித்தும் மறுபடி சேர்த்தும், செம்பு முன்பே அதில் இருந்ததைக் காட்டினார். இரும்பு செம்பாவதில்லை, செம்பின் இடத்தைப் பிடிக்கிறது. வினைபடு வரிசையின் உண்மையான தொடக்கம் இந்தச் சோதனைதான் எனலாம்.

1718இல் பிரெஞ்சு வேதியியலாளர் ஜோஃப்ருவா வெளியிட்ட, எப்பொருள் எதனோடு முந்திச் சேரும் என்று காட்டும் நாட்ட அட்டவணையில் நைட்ரிக் அமிலத்தின் கீழ் இரும்பு, செம்பு, காரீயம், பாதரசம், வெள்ளி என்று வரும். செம்பும் காரீயமும் இடம் மாறியிருப்பது தவிர, அது இன்றைய வரிசையே. 1800இல் வோல்டா மின்கல அடுக்கைச் செய்தார். அதன் ஆற்றலால் ஹம்ப்ரி டேவி 1807இல் பொட்டாசியத்தையும் சோடியத்தையும் பிரித்தெடுத்தார். அதுவரை ஒடுக்க இயலாதிருந்தவை மின்சாரத்துக்கு வசப்பட்டதால் வரிசையின் மேல்முனை நிரம்பியது. 1865இல் கார்கிவில் நிகொலாய் பெக்கெத்தோவ் தம் இடப்பெயர்ச்சி ஆய்வை வெளியிட்டார். ரஷ்யப் பாடநூல்களில் இந்த வரிசை பெக்கெத்தோவ் வரிசை என்றும் வழங்குகிறது. பின்னர் மின்முனை அழுத்தம் இதற்கு எண்களைத் தந்தது: துத்தநாகம் −0.76 வோல்ட், இரும்பு −0.44, செம்பு +0.34.

டேவியின் இன்னொரு முயற்சி தனியே சொல்லத் தக்கது. கடல்நீர் அரித்த பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் செப்புத் தகட்டைக் காக்க, 1824இல் அவர் அதனோடு துத்தநாகத்தையோ வார்ப்பிரும்பையோ இணைத்தார். வினைத்திறன் மிக்கது தான் கரைந்து செம்பைக் காத்தது. வேதியியல் துளியும் பிழைக்கவில்லை. ஆனால் கரைந்து வந்த செம்புதான் சிப்பியும் பாசியும் ஒட்டாமல் தடுத்திருந்தது. அரிப்பு நின்றதும் அவை அடிப்பகுதியில் மண்டிக் கப்பலின் வேகத்தைக் குறைத்ததால் கடற்படை திட்டத்தைக் கைவிட்டது. பிற்காலத்தில் எஃகுக் கப்பல்களுக்கு அதே முறை நிலைத்தது.

வரிசையை மாறாத தரப்பட்டியலாகக் கருதுவது தவறு. அலுமினியம் இரும்புக்கு மேலே நின்றும், அதன்மேல் படியும் மெல்லிய ஆக்சைடுப் படலத்தால் சமையல் பாத்திரமாகப் பயன்படுகிறது. மின்முனை அழுத்தத்தில் லித்தியம் (−3.04 வோல்ட்) பொட்டாசியத்தையும் (−2.93) விஞ்சும், தண்ணீரிலோ பொட்டாசியம் தீப்பற்ற, லித்தியம் அமைதியாகக் குமிழிவிடுகிறது. வெப்பம் கூடினால் வரிசையே தலைகீழாகலாம். 1808இல் கே-லுசாக்கும் தெனாரும் பழுக்கக் காய்ந்த இரும்பைக் கொண்டு பொட்டாசியத்தைப் பிரித்தனர். இன்றைய தொழிற்சாலைகளிலும் ஏறத்தாழ 850° செ. வெப்பத்தில் உருகிய பொட்டாசியம் குளோரைடிலிருந்து பொட்டாசியத்தை வெளியேற்றுவது, வரிசையில் அதற்குக் கீழே உள்ள சோடியமே. எளிதில் ஆவியாகும் பொட்டாசியம் தொடர்ந்து வெளியேறிக்கொண்டிருப்பதால் வினை அத்திசையிலேயே நகர்கிறது.