எசோ ஆல்பன்

எசோ ஆல்பன் (பிறப்பு: 2001) அந்தமான் நிக்கோபார் தீவுகளைச் சேர்ந்த இந்திய சைக்கிள் பந்தய வீரர். வெலோட்ரோம் எனப்படும் ஓடுதளத்தில் நடக்கும் ஸ்பிரிண்ட், கெய்ரின், டீம் ஸ்பிரிண்ட் ஆகிய அதிவேகப் பந்தயங்களில் ஓட்டுபவர். எந்த வயதுப் பிரிவானாலும், சைக்கிள் உலக சாம்பியன்ஷிப்பில் பதக்கம் வென்ற முதல் இந்தியர் இவரே.

இவர் ஓட்டும் சைக்கிளுக்கு பிரேக் கிடையாது, கியரும் ஒன்றுதான். சக்கரம் சுழலும்வரை பெடலும் சுழலும். காலைச் சும்மா வைத்திருக்க வழியில்லை. 250 மீட்டர் மரத்தளம் வளைவுகளில் சுவர்போல் எழுந்து நிற்கும். ஸ்பிரிண்டில் இருவர் மோதுகிறார்கள். தொடக்கத்தில் இருவரும் வேண்டுமென்றே ஊர்வது புதிதாகப் பார்ப்பவர்களுக்கு வியப்பளிக்கும். முன்னால் போகிறவர் காற்றை எதிர்த்து மிதிக்க வேண்டும். பின்னால் வருகிறவர் அந்த மறைவில் பலத்தைச் சேமித்துக்கொள்வார். அதனால் முந்துவதற்கு யாரும் அவசரப்படுவதில்லை. கெய்ரின் 1948இல் ஜப்பானில் பணம் கட்டி ஆடும் பந்தயமாகத் தொடங்கி, 2000இல் சிட்னியில் ஒலிம்பிக் பந்தயமானது. அதில் ஒரு சிறு மோட்டார் வண்டி முன்னே சென்று வேகத்தைக் கூட்டிவிட்டு விலகும். பின்தொடர்ந்தவர்கள் அனைவரும் ஒரே நேரத்தில் இலக்கை நோக்கிப் பாய்வார்கள்.

தீவுகளின் பெயரை இந்த விளையாட்டில் முதலில் நிலைநாட்டியவர் டெபோரா ஹெரால்டு. 2004 டிசம்பர் 26 சுனாமியில் மரத்தைப் பற்றிக்கொண்டு நாள்கணக்கில் உயிர் பிழைத்த ஒன்பது வயதுச் சிறுமி, 2015இல் 500 மீட்டர் டைம் டிரையல் உலகத் தரவரிசையில் 4ஆம் இடத்துக்கு வந்தார். எசோவும், அதே தீவுகளிலிருந்து வந்த டேவிட் பெக்காமும் அவருக்கு அடுத்த தலைமுறை. மூவரும் தேறியது 2010 காமன்வெல்த் போட்டிக்காக டெல்லி இந்திரா காந்தி விளையாட்டு வளாகத்தில் கட்டப்பட்ட வெலோட்ரோமில். தேசியத் தலைமைப் பயிற்சியாளர் ஆர்.கே. சர்மா அங்கே இளையோரைத் தேடி எடுத்து வளர்த்தார்.

2018 ஆகஸ்டில் சுவிட்சர்லாந்தின் ஏகிள் நகரில் நடந்த ஜூனியர் உலக சாம்பியன்ஷிப்பில் எசோ கெய்ரின் வெள்ளி வென்றார். தங்கம் பெற்ற செக் வீரருக்கும் இவருக்கும் இடையே இருந்தது 0.017 வினாடி. மறு ஆண்டு ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் ஆன் டெர் ஓடரில், மணிப்பூரைச் சேர்ந்த ரொனால்டோ சிங், ரோஜித் சிங் ஆகியோருடன் டீம் ஸ்பிரிண்டில் ஆஸ்திரேலியாவை வீழ்த்தித் தங்கம் வென்றார். ஒவ்வொருவரும் ஒரு சுற்று முன்னின்று இழுத்துவிட்டு விலக, மூன்றாமவர் முடிக்கும் பந்தயம் இது. நேரம் 44.625 வினாடி. நின்ற நிலையிலிருந்து கிளம்பி 750 மீட்டரை மணிக்கு 60 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட சராசரி வேகத்தில் கடந்திருக்கிறார்கள்! ஜூனியர் உலக சாம்பியன்ஷிப்பில் இந்தியாவின் முதல் தங்கம் அதுவே.

சீனியர் களம் கடினமானது. 2022 காமன்வெல்த் போட்டியில் எசோ பங்கேற்றார், பதக்கம் கிட்டவில்லை. அதே ஆண்டு டெல்லியில் நடந்த ஆசிய சாம்பியன்ஷிப்பில் ரொனால்டோ ஸ்பிரிண்ட் வெள்ளி வென்றது அந்தத் தலைமுறையின் பெரிய சாதனை. ஆனால் 1964 டோக்கியோவுக்குப் பிறகு, 2024 பாரிஸ் வரை, இந்திய சைக்கிள் வீரர் எவரும் ஒலிம்பிக்கில் ஓடவில்லை. ஒலிம்பிக் தகுதிக்கு வேண்டிய தரவரிசைப் புள்ளிகளை வெளிநாட்டுப் பந்தயங்களில் தொடர்ந்து ஓடித்தான் சேர்க்க முடியும். திறமையைக் கண்டெடுத்த நாடு அந்தப் பந்தயங்களுக்கான செலவையும் ஏற்றாக வேண்டும்.

இத்தகைய பந்தயங்களுக்குத் தமிழ்நாட்டிலும் சென்னையை அடுத்த மேலக்கோட்டையூரில் ஓடுதளம் உள்ளது. 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளையோர் பந்தயங்கள் அங்கே நடந்தன. நெல்லைச் சீமைக்குப் பக்கமானது திருவனந்தபுரம் காரியவட்டத்தில் உள்ள ஓடுதளம். தாமிரபரணிக் கரை ஊர்களில் சைக்கிளில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்குக் குறைவில்லை. அவர்களில் மின்னல் கால்கள் கொண்டவர்களைக் கண்டால், உடற்கல்வி ஆசிரியர்கள் அந்த ஓடுதளங்களுக்கு ஒருமுறையாவது அழைத்துச் செல்ல வேண்டும்.