கித்துஷீனும் கூட்டுரிமையும்: ஒருபால் இணைவு குறித்து யூத சமயப் பிரிவுகளில் நிகழ்ந்த விவாதம்

சமயச் சட்டமொன்று மாற்றமுறுவதை அச்சட்டத்தின் சொற்களை மாத்திரம் கொண்டு விளக்கிவிட முடியாது. அச்சொற்களுக்குப் பொருள் கூறும் அதிகாரம் எவர் கையிலுள்ளது, அவ்வதிகாரம் எந்நிறுவனங்களின் வழியாகச் செயற்படுகின்றது, அந்நிறுவனங்களின் வாயிலில் நின்று கேள்வி எழுப்புவோர் யாவர் என்பனவற்றையும் சேர்த்து நோக்கும்போதே மாற்றத்தின் தன்மை புலனாகும். ஐக்கிய அமெரிக்காவில் வாழும் யூதரிடையே 1970களின் தொடக்கத்தில் எழுந்து, நான்கு தசாப்தங்களுக்கு மேல் நீடித்த ஒருபால் இணைவு பற்றிய விவாதம் இதற்குத் தக்க சான்றாகும். அவ்விவாதம் வேதநூலின் ஓரிரு வசனங்களைப் பற்றியதாகத் தொடங்கிற்று. ஆயின் முடிவில், திருமணம் என்பது யாது என்ற வினாவிலே வந்து நின்றது. வினா இவ்வாறு இடம்பெயர்ந்த வரலாற்றையே இக்கட்டுரையில் நாம் ஆராய முற்படுகின்றோம்.

முதலில் மூலங்களை நோக்குவோம். லேவியராகமத்தின் 18ஆம் அதிகாரத்து 22ஆம் வசனமும் 20ஆம் அதிகாரத்து 13ஆம் வசனமும் ஆணோடு ஆண் கூடுவதை விலக்குகின்றன. பின்னையது அதற்கு மரண தண்டனையும் விதிக்கின்றது. பெண்களைப் பற்றித் தோரா வெளிப்படையாக எதுவும் கூறவில்லை. ஆயினும், எகிப்தியரின் வழக்கங்களைப் பின்பற்றலாகாது என்ற கட்டளைக்கு விளக்கங் கூறவந்த 'சிஃப்ரா' என்னும் பழைய உரை, ஆண் ஆணையும் பெண் பெண்ணையும் மணத்தலை அவ்வழக்கங்களுள் அடக்கிற்று. 12ஆம் நூற்றாண்டில் மைமோனிடீஸ் இதனை அடியொற்றியே பெண்களுக்கும் விலக்கினை வகுத்தார். ஆகவே, ஒருபால் மணம் என்ற எண்ணமே பண்டைய உரைகாரருக்குத் தோன்றியிராதது எனக் கூறுதல் பொருந்தாது. அவர்கள் அதனை எண்ணிப் பார்த்திருந்தனர். பிறர் வழக்கு எனத் தள்ளியிருந்தனர்.

இனி, இதே மரபுதான் தன்னை மாற்றிக்கொள்ளும் வழிகளையும் தன்னகத்தே கொண்டிருந்தது என்பதும் மனங்கொள்ளத்தக்கது. ஏழாம் ஆண்டிற் கடன்கள் யாவும் தீர்ந்தனவாகும் என்பது தோராவின் விதி. அவ்விதிக்கு அஞ்சிச் செல்வர் வறியோருக்குக் கடன் கொடுக்க மறுத்தபோது, ஹில்லெல் 'புரோஸ்புல்' என்ற பத்திரத்தை ஏற்படுத்தி அவ்விதியின் விளைவைத் தவிர்த்தார். தோரா அனுமதித்த பலதார மணத்தை கி.பி. 1000ஆம் ஆண்டளவில் ஜெர்மானிய யூதரிடையே தடைசெய்த பெருமை றபி கெர்ஷோமுக்கு உரியதாகக் கூறப்படுகின்றது. எனவே, 'ஹலாகா' எனப்படும் யூத சமயச் சட்டம் மாறுமா என்பதன்று இங்கு எழுந்த வினா. எவர், எத்துணை தூரம் மாற்றலாம் என்பதே வினாவாகும். இவ்வினாவிற்கு ஒவ்வொரு பிரிவும் ஏற்கெனவே ஒரு விடையை வைத்திருந்தது. வைதிகப் பிரிவினர் ஹலாகாவை இறைவனால் அருளப்பட்டதும் மனிதரால் நீக்கப்பட முடியாததுமான கட்டளையாகக் கொண்டனர். 1885ஆம் ஆண்டின் பிற்ஸ்பேர்க் அறிக்கைக் காலந்தொட்டுச் சீர்திருத்தப் பிரிவினர் நெறிக்கட்டளைகளுக்கே முதன்மை கொடுத்தனர். பழைமை பேணும் பிரிவினர் ஹலாகாவின் கட்டுப்பாட்டை ஏற்றவாறே, அது வரலாற்றில் வளர்வதென்றும் கொண்டனர். மொர்டெக்காய் கப்லானின் வழிவந்த மீள்கட்டமைப்புப் பிரிவினரோ யூதத்தை வளர்ந்துவரும் ஒரு நாகரிகமாகக் கண்டனர். மரபின் குரலுக்குச் செவிசாய்த்தனராயினும் அதனை இறுதித் தீர்ப்பாகக் கொண்டாரல்லர்.

விவாதத்தைத் தொடக்கிவைத்தோர் சட்ட அறிஞரல்லர் என்பது வரலாற்று நோக்கில் முக்கியமானதாகும். 1972இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஒருபால் ஈர்ப்புடைய யூதர் சிலர் 'பெத் ஹயிம் ஹதஷிம்', அதாவது புதுவாழ்வு இல்லம், என்ற தொழுகைச் சபையை நிறுவினர். அடுத்த ஆண்டில் நியூயோர்க்கில் 'பெத் சிம்ஹாத் தோரா' சபை தோன்றிற்று. பிற சபைகளில் தம்மை மறைத்தே அமரவேண்டியிருந்தோர், இங்கே தம் பெயரோடும் துணையோடும் ஓய்வுநாளை அனுட்டித்தனர். லொஸ் ஏஞ்சல்ஸ் சபை சீர்திருத்தச் சபைகளின் ஒன்றியத்தில் உறுப்புரிமை கோரியபோதுதான் அறிஞர்கள் விடையளிக்க வேண்டியவராயினர். சீர்திருத்தப் பிரிவின் தலைசிறந்த சட்ட அறிஞரான சொலமன் ஃபிறீஹொஃப் 1973இல் எழுதிய தீர்ப்புரையில், ஒருபால் ஈர்ப்புடையோருக்கெனத் தனிச்சபை அமைப்பதை எதிர்த்தார். ஆயினும் 1974இல் ஒன்றியம் அச்சபையை உறுப்பாக ஏற்றுக்கொண்டது. நூலறிவு தயங்கிய இடத்தில் அமைப்பு முன்சென்றது என்றே நாம் இதனைக் கொள்ளுதல் வேண்டும்.

எனினும், சபையை ஏற்றல் வேறு, இணைவை ஏற்றல் வேறு. 1977இல் அமெரிக்க றபிகளின் மத்திய மகாநாடு, வயதுவந்தோர் இசைந்து புரியும் ஒருபால் உறவைக் குற்றமாகக் கருதும் சட்டங்கள் நீக்கப்படல் வேண்டும் எனத் தீர்மானித்தது. 1990இல் அதே மகாநாடு றபிப் பதவிக்கு ஒருபால் ஈர்ப்பு ஒரு தடையாகாது என்ற அறிக்கையை ஏற்றது. 1996இல் அரசு வழங்கும் குடியியல் மண உரிமையை ஆதரித்தது. ஆனால் அக்காலத்திலேயே அதன் தீர்ப்புரைக் குழுவின் பெரும்பான்மையோர், சமய மணமாகிய 'கித்துஷீன்' ஒருபால் இணையருக்குப் பொருந்தாது என உரைத்தனர். அரசிடம் கோரிய உரிமையைத் தம் மணப்பந்தலில் வழங்கத் தயங்கிய இம்முரண்பாடு 2000ஆம் ஆண்டு மார்ச்சில், வட கரோலினாவின் கிறீன்ஸ்பறோ நகரிற் கூடிய மகாநாட்டில் ஓரளவு தீர்க்கப்பட்டது. ஒருபால் யூத இணையரின் உறவு தகுந்த யூதச் சடங்கால் உறுதிசெய்யப்படத்தக்கது என அது அறிவித்தது; சடங்கை நடத்தும் றபியையும் நடத்த மறுக்கும் றபியையும் ஒருங்கே ஆதரிப்பதாகவும் கூறிற்று. 'திருமணம்' என்ற சொல் அங்கு தவிர்க்கப்பட்டது. அச்சொல்லைத் தவிர்த்தமையே, தீராதிருந்த வினா யாதென்பதைக் காட்டிவிடுகின்றது.

மீள்கட்டமைப்புப் பிரிவு சிறியது. ஆதலால் விரைந்து நகர்ந்தது. அதன் றபிக் கல்லூரி 1984இலேயே தம்மை வெளிப்படுத்திக்கொண்ட ஒருபால் ஈர்ப்புடையோரை மாணவராக ஏற்க முடிவு செய்தது. 1990களின் தொடக்கத்தில் அப்பிரிவு ஒருபால் இணையரின் உறுதிப்பாட்டுச் சடங்குகளையும் ஆதரித்தது.

விவாதத்தின் உண்மையான களம் பழைமை பேணும் பிரிவேயாகும். சட்டத்தைத் துறக்கவும் இயலாது, வரலாற்றை மறுக்கவும் இயலாது என்ற நிலையிலிருந்த அப்பிரிவினருக்கு எளிய விடை எதுவும் வாய்க்கவில்லை. அதன் யூதச் சட்ட, நியமங்களுக்கான குழுவில் வாக்குரிமையுடையோர் 25 பேர். ஆறு வாக்குகளைப் பெறும் கருத்துரை எதுவும் செல்லுபடியான ஒன்றாகும். அதனைப் பின்பற்றுவதா என்பதை அந்தந்தச் சபையின் றபியே முடிவுசெய்வார். ஓய்வுநாளில் தொழுகைக்கு மோட்டார் வண்டியிற் செல்லலாம் என 1950இல் கருத்துரை வழங்கியது இக்குழுவே. இப்பிரிவின் செமினறி 1983இல் பெண்களை றபிப் பயிற்சிக்கு ஏற்க முடிவு செய்தது. அம்முடிவுக்குச் சார்பாக விரிவான சட்ட ஆய்வை எழுதியவர் ஜோயல் றொத். அவரே 1992இல் ஒருபால் உறவு பற்றிய நீண்ட ஆய்வில், தோராவின் விலக்கை நீக்க வழியில்லை என முடிவு கட்டினார் என்பது கவனத்திற்குரியது. றொத்தை வெறும் பிற்போக்காளராகக் கொள்வது தவறாகும். பெண்கள் விடயத்தில் அவர் எதிர்கொண்டது றபிகளின் சட்டம். இங்கு அவர் எதிர்கொண்டது தோராவின் வசனம். சட்டமுறைக்கு அவர் காட்டிய விசுவாசம் இரண்டிடத்தும் ஒன்றே, விளைவுகள்தாம் வேறாயின.

மறுபுறத்தில் பிறாட்லி ஆட்சன், தோரா விலக்கியது ஒடுக்குமுறையோடும் அந்நிய வழிபாட்டோடும் பிணைந்த செயல்களையே என்றும், அன்பும் நிலைபேறும் உடைய இணைவை அன்று என்றும் வாதிட்டார். 1992இல் குழு பொது அறிக்கையொன்றிற்கு உடன்பட்டது. உறுதிப்பாட்டுச் சடங்குகள் நடத்தப்படமாட்டா. வெளிப்படையான ஒருபால் ஈர்ப்புடையோர் றபிக் கல்விக்குத் தெரிந்தே சேர்க்கப்படமாட்டார். ஆயின் ஏற்கெனவே உறுப்பினராகவோ மாணவராகவோ இருப்போரை வேட்டையாடுதலும் நிகழாது. சபைகள் அவர்களை வரவேற்கும். 'தெரிந்தே' என்ற ஒரு சொல்லின் பாரத்தை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். மறைப்பவருக்கு இடமுண்டு, உண்மை கூறுபவருக்கு இல்லை என்பதே அதன் நடைமுறைப் பொருளாயிற்று. வாய்மையைப் போதிக்கும் பதவிக்கு மௌனமே தகுதியாக்கப்பட்டது. 14 ஆண்டுகள் இந்நிலை நீடித்தது.

2006 டிசம்பர் 6ஆம் நாள் குழு மீண்டும் வாக்களித்தது. இலியட் டோர்ஃப், டானியல் நெவின்ஸ், அவ்ராம் றைஸ்னர் ஆகிய மூவரும் எழுதிய கருத்துரை 13 வாக்குகளைப் பெற்றது. விலக்கினை நிலைநிறுத்திய றொத்தின் கருத்துரையும் 13 வாக்குகளைப் பெற்றது. 25 பேர் கொண்ட குழுவில் இவ்வாறு நிகழ்ந்ததெனின், ஒருவரேனும் இரண்டிற்கும் வாக்களித்தார் என்பது கணக்கு. மூவரின் வாதம் 'கெவோத் ஹபிறியோத்', அதாவது மனித மாண்பு, என்ற தல்முதியக் கோட்பாட்டின் மீது எழுப்பப்பட்டது. மனித மாண்பைக் காக்கும்பொருட்டு றபிகள் விதித்த தடைகள் விலகலாம் என்பது அக்கோட்பாடு. வாழ்நாள் முழுவதும் துணையின்றி இருக்குமாறு ஒருவரைப் பணித்தல் அவர் மாண்பைக் குலைப்பதாகும். ஆதலின் றபிகள் பின்னர் சேர்த்த தடைகள் யாவும் நீங்கும் என அவர்கள் முடிவு செய்தனர். ஆனால் தோரா நேரே விலக்கியதாக அவர்கள் கொண்ட, ஆண்களிடையிலான ஒரு குறித்த செயலின் மீதான தடை நீடித்தது. மாண்பினை அளித்த கையே படுக்கையறையின் வாயிலில் ஒரு காவலையும் நிறுத்திற்று. இது சமரசத்தின் விலை. அவ்விலையைச் செலுத்துவோர் சமரசம் செய்தோரல்லர் என்பதையும் குறிப்பிட்டாதல் வேண்டும். றொத் உட்பட நால்வர் குழுவிலிருந்து விலகினர். 2007இல் லொஸ் ஏஞ்சல்ஸில் ஆட்சன் தலைமைதாங்கிய றபிக் கல்லூரியும் நியூயோர்க் செமினறியும் தம் வாயில்களைத் திறந்தன.

வைதிகப் பிரிவிலும் அசைவு இல்லாமலில்லை. நோர்மன் லாம் 1974இல் எழுதிய கட்டுரையில், தன்வயமிழந்து செயற்படுபவருக்குக் குற்றப்பொறுப்பில்லை என்ற பழைய சட்டக் கருத்தைக் கொண்டு, செயலைக் கண்டித்தவாறே மனிதரை இரக்கத்தோடு நோக்க வழிதேடினார். வைதிக முறையில் றபியான ஸ்டீவன் கிறீன்பேர்க் 1999இல் தாம் ஒருபால் ஈர்ப்புடையவர் என வெளிப்படுத்தினார். 2010இல் வைதிக றபிகள் பலர் கையொப்பமிட்ட கோட்பாட்டறிக்கை, ஒருபால் ஈர்ப்புடையோரை மாண்போடு வரவேற்க வேண்டுமென்றும், எதிர்ப்பாலாரை மணக்குமாறு அவர்களைத் தூண்டலாகாதென்றும் கூறிற்று. எனினும் சமயச் சடங்கிற்கு அவ்வறிக்கை இடமளிக்கவில்லை. 2011இல் கிறீன்பேர்க் வாஷிங்டனில் ஒருபால் மணச்சடங்கொன்றை நடத்தியபோது, நூறளவான வைதிக றபிகள் அதனை மறுத்து அறிக்கை விடுத்தனர். மனிதர் ஏற்கப்படுவர், இணைவு ஏற்கப்படாது என்பதே இப்பிரிவின் எல்லையாயிற்று.

இப்போது நாம் தொடக்கத்திற் சுட்டிய வினாவிற்கு வருகின்றோம். மிஷ்னாவின் 'கித்துஷீன்' பகுதி, பெண் மூவகையாற் கொள்ளப்படுகின்றாள் என்கிறது: பணத்தால், பத்திரத்தால், உடலுறவால். கொள்பவன் ஆண். மணத்தை முறிக்கும் 'கெற்' என்ற விடுதலைப் பத்திரத்தையும் ஆணே அளித்தல் வேண்டும். அவன் மறுப்பின், மறுமணம் செய்ய வழியின்றிக் கட்டுண்டு கிடக்கும் பெண் 'அகுணா' எனப்படுவாள். இத்தகைய அமைப்பில் இரு பெண்களோ இரு ஆண்களோ மணப்பந்தலின் கீழ் நிற்பின் எவர் எவரைக் கொள்வது? எதிர்ப்போர் இதனையே தடைக்குரிய நியாயமாகக் காட்டினர். ஆனால் இதே வினாவை மறுதலையாகவும் கேட்கலாம்: சமமான இருவரைப் பொருந்தவைக்க முடியாத சட்டவடிவில் குறை எவரிடத்தது?

பெண்ணிய இறையியலாளரான றேச்சல் அட்லர் 1998இல் வெளியிட்ட நூலில், ஒருபால் இணையருக்காக மட்டுமன்றி எல்லா இணையருக்குமாகவே இதற்கு விடை கண்டார். சொத்தைக் கொள்ளும் சட்டத்தினின்று திருமணத்தைப் பிரித்தெடுத்து, வணிகக் கூட்டாளிகளுக்குரிய தல்முதியச் சட்டத்தின் மீது அதனை அமைத்தார். கூட்டாளிகள் தம் பணத்தை ஒரு பையில் இடுவதுபோல, மணப்போர் இருவரும் தத்தம் பொருளை ஒரு பையில் இட்டு ஒருங்கே உயர்த்துவர். இதற்கு அவர் இட்ட பெயர் 'பிறித் அஹுவிம்', அன்பர் உடன்படிக்கை. 2012இல் பழைமை பேணும் பிரிவின் சட்டக்குழு ஒருபால் மணத்திற்கான இரு சடங்கு வடிவங்களை ஏற்றபோது, கித்துஷீனை விடுத்து உடன்படிக்கை வழியையே தெரிந்துகொண்டது. உடன்படிக்கையைக் கலைப்பதற்கான ஆவணத்தையும் கூடவே வகுத்தது. சீர்திருத்தப் பிரிவின் தீர்ப்புரைக் குழுவோ 2014இல், 1996ஆம் ஆண்டின் நிலைப்பாட்டைக் கைவிட்டு, ஒருபால் மணத்தையும் கித்துஷீன் எனக் கொள்ளலாம் என்றது. ஒரு பிரிவு பழைய சொல்லை விடுத்துப் புதிய வடிவத்தை நாடிற்று. மற்றது பழைய சொல்லுக்கே புதிய பொருளை ஏற்றிற்று.

அமெரிக்காவில் இவை யாவும் அரசதிகாரம் அற்ற சமய அமைப்புகளுக்குள்ளே நிகழ்ந்தமையால், ஓரிடத்தில் மறுக்கப்பட்டவர் வேறிடத்திற்குச் செல்ல முடிந்தது. 2015இல் உயர்நீதிமன்றத் தீர்ப்பு குடியியல் மணத்தை நாடெங்கும் உறுதிசெய்தது. இஸ்ரேலின் நிலை வேறு. 1953ஆம் ஆண்டுச் சட்டம் யூதரின் மணத்தையும் மணமுறிவையும் றபி நீதிமன்றங்களிடம் ஒப்படைத்தது. அவை வைதிகர் வசமுள்ளன. வெளிநாட்டில் நடந்த ஒருபால் மணங்களைப் பதிவுசெய்ய 2006இல் அந்நாட்டு மேல்நீதிமன்றம் பணித்ததாயினும், நாட்டினுள்ளே குடியியல் மணம் எவருக்கும் இல்லை. சமய விளக்கம் அரசின் பலத்தோடு சேருமிடத்து, விவாதம் எத்துணை நுணுக்கமானதாயினும் வெளியே செல்லும் வாயில் அடைபட்டுவிடுகின்றது.

இதுகாறும் நோக்கியவற்றால் இரண்டு உண்மைகள் தெளிவாகின்றன. முதலாவது, நூல்களுக்குள் விடை தேடும் உழைப்பை வெளியே இருந்து வந்த கோரிக்கையே தூண்டிற்று. 1972இல் ஒரு சிறு சபை தன் கதவைத் திறந்திராவிடின், 2006இன் வாதங்கள் எழுதப்பட்டிருக்கமாட்டா. இரண்டாவது, விளிம்பில் நிறுத்தப்பட்டோர் தமக்கெனக் கேட்ட வினா மையத்திலிருந்தோரின் நிலைமையையே வெளிச்சமிட்டுக் காட்டிற்று. இரு பெண்கள் ஒருவரையொருவர் எவ்வாறு மணப்பது என்று ஆராயப் புகுந்தோர், ஆணொருவன் பெண்ணொருத்தியை எவ்வாறு 'கொண்டு' வந்தான் என்பதை எதிர்கொள்ள நேர்ந்தது. விடுதலைப் பத்திரத்திற்காக இன்றும் காத்திருக்கும் அகுணாப் பெண்ணுக்கு இவ்விவாதத்தில் உள்ள பங்கு, அதனைத் தொடக்கிவைத்தோரின் பங்கிலும் குறைந்ததன்று.