கணக்கில் வராத பதினோரு ஆண்டுகள்

கண்டியிலிருந்து மாத்தளை செல்லும் வீதியில் அக்குறணையைக் கடந்தால் அலவத்துகொட. அவ்வூரில் வாழ்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், தமது பழைய கடிதக் கட்டினை ஒருநாள் என் முன் விரித்து வைத்தார். 1961இல் தோட்டப் பாடசாலையொன்றில் சேர்ந்தவர். 1972இல் அரசாங்க நியமனம் பெற்று, 1997இல் ஓய்வு பெற்றவர். ஓய்வூதியக் கோவையில் இருந்தவை இருபத்தைந்து ஆண்டுகள் மட்டுமே. முந்திய பதினொன்றும் எங்கே போயின?

விடை வரலாற்றில் உள்ளது. 1907ஆம் ஆண்டின் கிராமியப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம், ஆறு முதல் பத்து வயது வரையிலான தோட்டப் பிள்ளைகளின் கல்விக்குத் துரைமாரைப் பொறுப்பாக்கியது. எனவே ஆசிரியர் தோட்டத்தின் ஊழியரானார். ஒரே அறையில் ஐந்து வகுப்புகளையும் நடத்தி, மாலையில் லயத்தாருக்குக் கடிதமும் எழுதிக் கொடுத்த அவர், சம்பளப் பட்டியலில் தோட்டத்து ஆள்தான்.

மிஷனரிமாரின் உதவி பெற்ற பாடசாலைகளில் கற்பித்தோர் நிலை வேறு. அவர்களுக்கு ஆசிரியர் ஓய்வூதியத் திட்டம் முன்னரே இருந்தது. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் அப்பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. தோட்டப் பாடசாலைகளோ ஒதுங்கியே நின்றன; 1970களில் தோட்டங்கள் தேசியமயமான பின்னரே அவற்றின் முறை வந்தது.

நம் ஆசிரியர் அதுவரை காத்திருக்கவில்லை. ஓய்வூதிய உரித்துள்ள அரச பதவி ஏற்போர் தம் ஊழியர் சேமலாப நிதியை மீளப் பெறலாம் என்பது விதி. அவரும் பெற்றார். தங்கையின் திருமணத்தில் அப்பணம் கரைந்தது. (சேமலாபம் கையில் வந்து நிலைத்த குடும்பத்தை நான் கண்டதில்லை.) சேமலாபம் தொழிலாளியும் முதலாளியும் செலுத்திச் சேர்த்த தொகை, ஓய்வூதியமோ இறுதிச் சம்பளத்தையும் அரச சேவைக் காலத்தையும் கொண்டு கணிக்கப்படுவது. பணத்தை வாங்கியவரின் காலம் அக்கணிப்பில் சேரவில்லை.

அமெரிக்காவின் சில மாநிலங்களில், தனியார் பாடசாலையில் கற்பித்த ஆண்டுகளுக்கு உரிய தொகையைச் செலுத்தி அவற்றை ஓய்வூதியச் சேவையில் சேர்த்துக்கொள்ள இடமுண்டு. இதனைச் சொன்னபோது அவர் சிறிது நேரம் மௌனமாயிருந்தார்.

"அந்தக் காசைத் திருப்பிக் கட்டச் சொல்லியிருந்தால், கடன்பட்டாவது கட்டியிருப்பேன் தம்பி," என்றார். பின்னர் கட்டின் அடியிலிருந்து துரையின் கையொப்பமிட்ட நற்சான்றுப் பத்திரத்தை எடுத்துக் காட்டினார். பதினோரு ஆண்டுகளும் அதில் எழுதப்பட்டிருந்தன.