கல்லமேட்டில் கரைந்த பேருடல்

இந்தியாவில் முதலில் கிடைத்த டைனோசர் எது, உலகிலேயே பெரிய டைனோசர் எது, கடலில் வாழ்ந்த டைனோசரின் பெயர் என்ன என்னும் மூன்று கேள்விகள் இல்லாத வினாடி வினாத் தொகுப்பைக் காண்பது அரிது. இவற்றுள் மூன்றாவது, கேள்வியே பிழையானது. நேராக உடலுக்கடியில் ஊன்றிய கால்களோடு தரையில் நடந்த ஊர்வன இனத்துக்கே 1842இல் ஆங்கிலேய உடற்கூற்றியலாளர் ரிச்சர்ட் ஓவன் ‘அச்சந்தரும் பல்லி’ என்று பொருள்படும் அந்தக் கிரேக்கப் பெயரைச் சூட்டினார் என்பதால், துடுப்புக் கால்களுடன் கடலில் நீந்திய பிளீசியோசர் முதலியவை அக்குடும்பத்தில் சேரா. மற்ற இரண்டுக்கும் விடைகள் உண்டெனினும் அவை அவ்வப்போது மாறிவந்திருக்கின்றன. அம்மாற்றங்களில் கணிசமான பங்கு அரியலூர் வட்டாரத்து மண்ணுக்கு உரியது.

முதல் கேள்விக்கான விடை ஜபல்பூரில் இருக்கிறது. பின்னாளில் தக்கர்கள் என்ற வழிப்பறிக் கூட்டத்தாரை ஒடுக்கியவர் என்று பெயர்பெற்ற வில்லியம் ஸ்லீமன், 1828இல் அந்நகரை ஒட்டிய பாரா சிம்லா குன்றில் வால்பகுதி முள்ளெலும்புகள் இரண்டைக் கண்டெடுத்தபோது, டைனோசர் என்ற சொல் பிறக்க இன்னும் பதினான்கு ஆண்டுகள் இருந்தன. அவை கல்கத்தாவில் இருந்த ஜேம்ஸ் பிரின்செப்பிடம், அதாவது அசோகன் கல்வெட்டுகளின் பிராமி எழுத்தைப் படித்தறிந்த அதே அறிஞரிடம், போய்ச் சேர்ந்தன. 1877இல் ரிச்சர்ட் லைடெக்கர் அவற்றுக்கு டைட்டனோசாரஸ் இண்டிகஸ் என்று பெயரிட்டார். இனத்தைப் பிரித்தறியத் தக்கவை என்று லைடெக்கர் கருதிய அடையாளங்கள் வேறு பல இனங்களிலும் காணப்படுவதால் அப்பெயர் நிற்காது என்று 2003இல் முடிவாயிற்று. நெடுங்காலம் தொலைந்துபோனதாகக் கருதப்பட்ட எலும்புகளோ 2012இல் கல்கத்தாவிலேயே இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் சேகரிப்பிலிருந்து மீண்டும் கிடைத்தன. பெயர் போய்ப் பொருள் மீண்ட இந்த நிகழ்ச்சிக்கு நேர்மாறானது அரியலூரில் நடந்தது.

கோண்டுவானா என்னும் தென்பெருங்கண்டம் பிளவுண்டபோது காவிரிப் படுகையில் கடல் புகுந்து பலமுறை ஏறியும் இறங்கியும் சென்றதால், ஊட்டத்தூரிலிருந்து அரியலூர் வரை சுண்ணாம்பும் மணலும் களியும் அடுக்கடுக்காகப் படிந்துள்ளன. இன்று சிமெண்டு ஆலைகளுக்கு உணவாகும் அச்சுண்ணாம்புக் கற்களில் சங்குகளும் சிப்பிகளும், கணவாய்க்கு உறவான, ஆட்டுக்கிடாக் கொம்புபோல் சுருண்ட ஓடுடைய அம்மோனைட்டுகளும் ஏராளம். கே, கன்லிஃப் என்னும் இருவர் திரட்டிய இவ்வகைப் படிவங்களை 1840களில் எட்வர்டு ஃபோர்ப்ஸ் ஆராய்ந்து எழுதினார். 1862இல் வெளிவந்த தம் அறிக்கையில் ஹென்றி பிளான்ஃபோர்டு இப்பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் எனத் தொகுதி பிரித்தார். இவை பெரும்பாலும் கடற்படிவுகள். அரியலூர்த் தொகுதியின் உச்சியில், ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் பின்வாங்கியிருந்த இடைவெளியில் ஆறுகள் கொணர்ந்து சேர்த்த மணலும் களியுமே கல்லமேட்டுப் படிவு. தரைவிலங்கின் எலும்பைத் தேடுவோர் அங்குதான் தேட வேண்டும். ஜபல்பூரில் பெருந்தோண்டல் நடத்திய சார்லஸ் மாட்லி இங்கும் வந்து ஆய்ந்து, திருச்சிராப்பள்ளி மாவட்டத்து டைனோசர்களைப் பற்றி 1929இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்.

ஆனால் புகழ்பெற்ற முதல் பெயர் கடற்படிவிலிருந்தே வந்தது. 1979இல் யாதகிரி, அய்யசாமி என்னும் புவியியலாளர்கள் திருச்சிராப்பள்ளித் தொகுதியில் கிடைத்த எச்சங்களுக்கு டிராவிடோசாரஸ் பிளான்ஃபோர்டி என்று பெயரிட்டு, அது முதுகில் எலும்புத் தட்டுகள் வரிசையாக நின்ற ஸ்டெகோசர் இனம் என்றனர். பிற கண்டங்களில் அவ்வினத்தின் தடம் மறைந்து நெடுங்காலம் கழித்தும், தனித் தீவாக மிதந்துகொண்டிருந்த இந்தியாவில் அது பிழைத்திருந்தது என்ற கருத்து கவர்ச்சியானது. பாடநூல்களும் பொதுஅறிவு நூல்களும் அதை விரும்பி ஏற்றுக்கொண்டதில் வியப்பில்லை. 1990களில் சங்கர் சாட்டர்ஜி அவ்வெலும்புகளைப் பார்த்துவிட்டு, அவை பிளீசியோசருடையவை என்று வாதிட்டார். அவர் கூற்று சரியாயின், தமிழ்நாட்டின் பெயர்பெற்ற டைனோசர் டைனோசரே அல்லாத ஒரு கடல்விலங்காகிவிடும். வினாடி வினாவின் பிழையான மூன்றாவது கேள்வியை அறிவியலே ஒருமுறை கேட்டுப் பார்த்தது போலாயிற்று.

யாதகிரியும் அய்யசாமியும் 1980களின் பிற்பகுதியில் கல்லமேட்டிலிருந்து அறிவித்த விலங்கே பெருஞ்சிக்கலைக் கொண்டுவந்தது. வடமொழியில் பேருடல் என்று பொருள்படும் புருஹத்காயோசாரஸ் என்பது அதன் பெயர்; மாட்லியின் நினைவாக மாட்லியை என்பது உடன்பெயர். இடுப்பெலும்பு, தொடையெலும்பின் பகுதி, வால் முள்ளெலும்பு ஆகியவற்றோடு கிடைத்த கணைக்காலெலும்பு மட்டும் 2 மீட்டர் நீளம், அதாவது பெரும்பாலோரின் உயரத்தை விஞ்சும் நீளம். அதை ஊனுண்ணி என்றே முதலில் எழுதினர். டைரனோசாரஸ் ரெக்ஸின் அதே எலும்பு 1.2 மீட்டருக்கு உட்பட்டதே என்பதை எண்ணினால் அம்முடிவு ஐயத்துக்குரியது. அது நீண்ட கழுத்துடைய தழையுண்ணியான சாரோபாடு இனத்தது என்ற திருத்தம் 1990களில் வந்து நிலைத்தது.

திருத்தம் வந்தபோது ஒப்பிட்டுப் பார்க்க எலும்பு இல்லை. இத்தகைய எலும்புகளைச் சுற்றிலும் தோண்டி, ஜிப்சச் சாந்தில் தோய்த்த சாக்குத்துணியால் போர்த்தி, காய்ந்து இறுகியபின் கட்டியோடு பெயர்த்தெடுப்பதே வழக்கம். கல்லமேட்டு எலும்புகளோ மழையில் ஊறியும் வெயிலில் காய்ந்தும் வெடிப்புற்று நொய்ந்திருந்தமையால், போர்வைக்குள்ளேயே உதிர்ந்துபோயின. எஞ்சியவை எளிய கோட்டுப் படங்களே. அவற்றைப் பார்த்தவர்களிற் சிலர் இது கல்லாகிப்போன அடிமரமாக இருக்கலாம் என்று ஐயுற்றனர். அந்த ஐயத்தைக் குதர்க்கம் என்று தள்ள இயலாது, 1940இல் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த 18 மீட்டர் நீளக் கல்மரம் அண்மையிலுள்ள சாத்தனூரில்தான் கிடக்கிறது. தோண்டிய காலத்து ஒளிப்படங்களை அய்யசாமியும் உடனாய்வாளர் ஒருவரும் 2022இல் வெளியிட்டபின், எலும்பு எலும்புதான் என்ற தரப்பு வலுப்பெற்றது. 2023இல் வந்த ஒரு கணிப்பு அதன் எடையை 110 முதல் 170 டன் வரை வைத்து, நீலத் திமிங்கிலத்துக்கு இணையாக நிறுத்தியது. ஆகவே உலகின் மிகப் பெரிய டைனோசர் எது என்னும் கேள்விக்கு அர்ஜென்டினோசாரஸ் என்று எழுதுவோரையும் புருஹத்காயோசாரஸ் என்று எழுதுவோரையும் தவறென்று அடிப்பதற்கு ஆசிரியர் எவருக்கும் போதிய சான்று இல்லை.

குளமோ ஏரியோ தூர்வாரும்போது உருண்டைக் கற்கள் வெளிப்பட்டால் டைனோசர் முட்டை என்ற பேச்சு இவ்வட்டாரத்தில் உடனே கிளம்பிவிடுகிறது. 2020இல் பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னத்தில் கிளம்பிய பேச்சும் அத்தகையதே. அம்மோனைட்டு போன்ற ஓர் உயிரெச்சத்தைச் சுற்றிச் சுண்ணாம்புச் சத்து படலம் படலமாகத் திரண்டு இறுகிய உருண்டைகளே அவை.

புருஹத்காயோசாரஸுக்குப் பின் கல்லமேடு தந்த சான்று அளவில் மிகச் சிறியது. அங்கு கிடைத்த ஒற்றைப் பல் ஒன்றை, சிற்றுடலும் உடலளவுக்குப் பெரிய மூளையும் கொண்ட, பறவைகளுக்கு நெருங்கிய உறவான டிரூடோன் குடும்பத்தைச் சேர்ந்ததென்று 2013இல் கோஸ்வாமியும் பிரசாதும் அவர்தம் குழுவினரும் அறிவித்தனர். அதுவரை அக்குடும்பம் ஆசியா, வட அமெரிக்கா முதலிய வடநிலங்களுக்கே உரியதென்று எண்ணப்பட்டிருந்தது. விரல்நுனியில் நிற்கக்கூடிய அந்தப் பல், ஓரத்து ரம்பப் பற்கள் ஒவ்வொன்றும் தெரியும்படி நுண்ணோக்கியில் படமெடுக்கப்பட்டு, வேண்டுவோர் எடுத்துப் பார்த்து மறுக்கவும் ஏற்கவும் ஏதுவாகச் சேகரிப்பில் இருக்கிறது.