சஹன: சுனாமிக்குள் பிறந்த நம் நாட்டு மென்பொருளின் கதை



தகவல் தொழில்நுட்பப் பாடத்தில் "திறந்த மூல மென்பொருள்" என்ற அலகு வரும்போதெல்லாம் பிள்ளைகள் ஒரு கேள்வி கேட்பார்கள். "சேர், இதெல்லாம் வெளிநாட்டுக்காரங்க செய்றதுதானே, நம்ம ஆக்கள் ஏதும் செஞ்சிருக்காங்களா?" செய்திருக்கிறார்கள். அதுவும் உலகமே எடுத்துப் பயன்படுத்திய ஒன்றை. பாடப்புத்தகத்தில் இல்லாததால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

2004 டிசம்பர் 26. அந்த ஞாயிறு காலையைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. நம் நாட்டில் மட்டும் 30,000க்கும் அதிகமானோர் மௌத்தானார்கள். ஐந்து இலட்சம் பேரளவில் இடம்பெயர்ந்தார்கள். ஆக அதிக உயிரிழப்பு அம்பாறை மாவட்டத்தில். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது என்று நம் சொந்தபந்தங்கள் வாழும் கரையெல்லாம் அடிபட்டது.

அலை வற்றிய பிறகு இன்னொரு சிக்கல் வந்தது. யார் எங்கே இருக்கிறார்கள் என்று எவருக்கும் தெரியாது. பள்ளிவாசலில் ஒரு பட்டியல், பாடசாலை முகாமில் ஒரு பட்டியல், ஆஸ்பத்திரியில் ஒரு பட்டியல். எல்லாம் கொப்பித் தாளில். ஒரு முகாமுக்கு மூன்று லொறி அரிசி போகும், அடுத்த முகாமுக்குத் தண்ணீர் போத்தல்கூடப் போகாது. உம்மா ஒரு முகாமில், பிள்ளை இன்னொரு முகாமில். இரண்டு பெயரும் இரண்டு தாளில் இருக்கும். அந்த இரண்டு தாளும் ஒரே மேசைக்கு வராது.

கொழும்பில் அரசாங்கம் தேசிய செயற்பாட்டு மையம் ஒன்றைத் திறந்தது. நாட்டின் மென்பொருள் துறையைச் சேர்ந்தவர்கள் தொண்டர்களாக அங்கே திரண்டார்கள். முன்னின்றது லங்கா மென்பொருள் மன்றம். திறந்த மூல மென்பொருளை இலங்கையில் வளர்க்கவென்று 2003இல் தொடங்கப்பட்ட அமைப்பு அது. தொண்டர்கள் முதலில் தேடியது ஏற்கனவே செய்யப்பட்ட ஒன்றை. இவ்வளவு பெரிய அனர்த்தத்துக்கு இலவசமாக எடுத்து உடனே ஓடவிடக்கூடிய மென்பொருள் கிடைக்கவில்லை. ஆகவே தாங்களே எழுதத் தொடங்கினார்கள். சில வாரங்களில் முதல் வடிவம் தயார். அதற்கு "சஹன" என்று பெயர் வைத்தார்கள். சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். (நாம் சேர்ந்திருந்து சாப்பிடும் சஹனுக்கும் இதற்கும் தொடர்பில்லை. பிள்ளைகள் கேட்டுவிட்டார்கள், அதனால் சொல்கிறேன்!)

அதில் என்ன இருந்தது? காணாமல் போனோர் பதிவேடு, முகாம்களின் பதிவேடு, உதவி அமைப்புகளின் பதிவேடு, எந்த இடத்துக்கு என்ன தேவை என்ற கோரிக்கைப் பட்டியல். நான்கும் ஒரே இடத்தில், வெப் உலாவியில் திறந்து பார்க்கக்கூடியதாக. தனியாக எதையும் கணினியில் நிறுவத் தேவையில்லை.

பெயர் தேடுவது சின்ன விடயம் என்று நினைக்காதீர்கள். நம் வகுப்பு இடாப்பை எடுத்துப் பாருங்கள். முஹம்மது என்ற ஒரு பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறோம்? பாத்திமா? எழுத்து மாறினால் கணினிக்கு அவர் வேறு ஆள். எழுத்தைப் பாராமல் ஒலியை ஒப்பிட்டுத் தேடும் முறை சஹனவில் சேர்க்கப்பட்டதன் காரணம் அதுதான். பிள்ளையைத் தேடும் ஒரு தாய்க்கு அந்த வசதியின் பெறுமதி தெரியும்.

முதல் வடிவம் அவசரத்தில் பல கைகள் சேர்ந்து செய்தது. பிறகு சுவீடன் அரசின் சீடா நிறுவனத்தின் நிதியுதவியுடன் ஒழுங்காகத் திருத்தி எழுதப்பட்டது. பி.எச்.பி. மொழி, மைஎஸ்கியூஎல் தரவுத்தளம். இரண்டும் இலவசம். விண்டோஸ், லினக்ஸ் எதிலும் ஓடும். அனர்த்த நேரத்தில் கைக்குக் கிடைக்கும் கணினி எதுவோ அதில் வேலை நடக்க வேண்டும் அல்லவா? 2006இல் இதைப் பற்றி வெளிவந்த ஆய்வுக் கட்டுரையில் சமிந்திர டி சில்வா, மிஃபான் கரீம், சஞ்ஜீவ வீரவரண ஆகியோரின் பெயர்கள் ஒன்றாக இருக்கின்றன. பிள்ளைகளுக்கு இந்தப் பெயர்களைச் சொல்லிக் கொடுங்கள்.

மூல நிரலைத் திறந்து வைத்ததன் பலன் ஒரு வருடத்துக்குள் தெரிந்தது. 2005 ஒக்டோபர் 8 பாகிஸ்தான் பூகம்பம்: சஹன அங்கே போனது. 2006 பெப்ரவரியில் பிலிப்பைன்ஸின் லெய்தே தீவில் ஒரு மலை சரிந்து கின்சாவ்கன் கிராமம் முழுதாக மூடுண்டது. அங்கும் போனது. அதே வருடம் மே மாதம் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா, 2007இல் பெரு, 2008இல் சீனாவின் சிச்சுவான். எவரும் உரிமக் கட்டணம் கட்டவில்லை, அனுமதிக் கடிதத்துக்குக் காத்திருக்கவில்லை. 2006ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன்பாட்டு விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சஹனவுக்குக் கொடுத்தது. அதற்கு முந்திய வருடம் அதே விருதைப் பெற்றது விக்கிபீடியா. நம் நாட்டுப் படைப்பு எந்த வரிசையில் நின்றது என்று பாருங்கள்.

2009இல் சஹன மென்பொருள் அறக்கட்டளை அமெரிக்காவில் பதிவானது. அடுத்த தலைமுறைக்கு "ஈடன்" என்று பெயர். இதிலிருந்துதான் நம் பாடத்துக்கு நேரடியாகத் தேவையான பகுதி வருகிறது. ஈடன் பைதன் மொழியில், "வெப்2பை" என்ற பிரேம்வேர்க்கின் மேல் எழுதப்பட்டது.

பிரேம்வேர்க் என்றால் என்ன? வீடு கட்டுபவர் ஒவ்வொரு தடவையும் செங்கல் சுடுவதிலிருந்து தொடங்குவதில்லை. வெப் செயலி எழுதுபவருக்கும் அப்படித்தான். கடவுச்சொல் பார்ப்பது, படிவத்தில் பிழையான தகவல் வந்தால் தடுப்பது, தரவுத்தளத்தில் எழுதுவது எல்லாம் எந்தச் செயலிக்கும் பொதுவானவை. அவற்றை ஆயத்தமாகத் தருவது பிரேம்வேர்க். நாம் நம் தேவைக்குரியதை மட்டும் எழுதினால் போதும்.

வெப்2பையை 2007இல் வெளியிட்டவர் சிகாகோவின் டிபோல் பல்கலைக்கழகப் பேராசிரியர் மாசிமோ டி பியரோ. மாணவர்களுக்குக் கற்பிக்கவென்றே அதைச் செய்தார். நிறுவும் சடங்கு கிடையாது. கோப்பை விரித்தால் ஓடும். வெப் சேவையகமும் சிறு தரவுத்தளமும் உள்ளேயே உண்டு. பென் டிரைவில் போட்டு எடுத்துப் போகலாம். விண்டோஸ், மேக், லினக்ஸ் எதுவானாலும் சரி. வகுப்பறைக்காகச் செய்த அந்த எளிமைதான் அனர்த்தக் களத்துக்கும் கைகொடுத்தது. 2010 ஜனவரியில் ஹெய்ட்டி பூகம்பம் வந்தபோது இந்தப் பைதன் வடிவம் வேலைக்கு இறங்கியது.

இதே பாணியில் இன்னொன்றும் நடந்தது. 2020 ஜனவரியில், கொரோனா இங்கே பரவுமுன்பே, நோர்வேயின் ஒஸ்லோ பல்கலைக்கழகம் வளர்த்த டி.எச்.ஐ.எஸ்.2 என்ற திறந்த மூலத் தளத்தின் மேல், நாட்டுக்குள் வரும் பயணிகளைக் கண்காணிக்கும் ஒரு பகுதியை நம் சுகாதாரத் துறையினர் அமைத்தார்கள். நோர்வே உட்படப் பல நாடுகள் பின்னர் அந்த வழியில் வந்தன. கொடுத்தவனுக்கே திருப்பிக் கொடுத்தோம்.

இனி நம் ஊருக்கு வருவோம். ஹுன்னஸ்கிரிய மலையில் இருக்கிறது. 2014இல் மீரியபெத்த, 2016இல் அரநாயக்க, 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு கண்டி மாவட்டம் பட்ட பாடு. மழை இறங்கினால் மலையில் இருப்பவனுக்குத் தூக்கம் இல்லை. மண்சரிவுக் காலங்களில் நான் பார்த்த முகாம் பட்டியல்கள் இன்னும் கொப்பித் தாளில்தான் இருந்தன. ஒரே குடும்பத்தின் பெயரை மூன்று பேர் வந்து மூன்று தடவை எழுதிப் போனதையும் பார்த்தேன். யாரையும் குறை சொல்வதற்கில்லை. இரவு பகலாக ஓடியவர்கள் அவர்கள். மென்பொருள் இலவசமாக இருக்கிறது. ஆனால் வெள்ளம் வந்த அன்று அதைத் திறந்து கற்றுக்கொள்ள முடியாது. மழை இல்லாத மாதத்தில் பழகி வைத்தவர்தான் மழையில் அதை ஓட்ட முடியும்.

அதற்கு உயர்தரம் படிக்கும் நான்கு பிள்ளைகளும் ஒரு பழைய கணினியும் போதும். பைதன் ஏற்கனவே பாடத்திட்டத்தில் இருக்கிறது. செயற்திட்டம் என்று கடைக்கணக்கும் நூலகக் கணக்கும் செய்வதற்குப் பதிலாக, ஒரு முகாம் பதிவேட்டைச் செய்து பார்க்கச் சொல்லலாம். உண்மையான குடும்பங்களின் விபரம் வேண்டாம், கற்பனைப் பெயர்களில் பழகட்டும். பெயர், அடையாள அட்டை இலக்கம், நோய் விபரம் எல்லாம் அமானிதம் என்பதையும் அதோடு சேர்த்தே கற்கட்டும்.

அடுத்த தவணையில் என் வகுப்பில் இதைத் தொடங்குகிறேன், இன்ஷா அல்லாஹ். தெல்தெனிய, திகன, உடுதும்பறைப் பக்கம் இந்தப் பாடம் கற்பிக்கும் சேர்மார், டீச்சர்மார் யாரும் சேர்ந்துகொள்வதாக இருந்தால் சொல்லுங்கள். தமிழ், சிங்களம், முஸ்லிம் பாடசாலை என்ற பேதம் வேண்டாம். மலை சரியும்போது அது பார்ப்பதில்லை.