ஸ்பானியக் கைதி முதல் டிஜிட்டல் கைது வரை: ஏமாற்றுச் செய்திகளின் வரலாறு

முன்பின் அறியாத ஒருவர் கடிதம், மின்னஞ்சல், குறுஞ்செய்தி, தொலைபேசி ஆகியவற்றுள் ஒன்றின் வழியாகத் தொடர்புகொண்டு, பொய்க்கதை ஒன்றைச் சொல்லிப் பணத்தையோ இரகசிய எண்ணையோ பறித்துக்கொள்ளும் மோசடி இன்று அன்றாடச் செய்தியாகிவிட்டது. இது இணையத்தோடு பிறந்தது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் இதன் வயது ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள். கருவிகள் மாறினவே தவிர, கதையின் அமைப்பு பெரிதாக மாறவில்லை. அந்த அமைப்பைத் தெரிந்துகொண்டவர், நாளை புதிய வேடத்தில் வரும் மோசடியையும் அடையாளம் காண முடியும்.

சிறையிலிருந்து வந்த கடிதங்கள்

1789இல் தொடங்கிய பிரெஞ்சுப் புரட்சியின்போது பிரபுக்கள் பலர் நாட்டைவிட்டு ஓடினர். இதைப் பாரிசுக்கு அருகிலிருந்த பிசேத்ர் சிறையின் கைதிகள் சிலர் பயன்படுத்திக்கொண்டனர். தாம் ஒரு பிரபுவின் பணியாள் என்றும், தப்பி ஓடும் வழியில் பொன்னும் நகையும் நிறைந்த பெட்டியை மறைத்துவைத்ததாகவும், அதை மீட்கச் சிறு தொகை அனுப்பினால் பங்கு தருவதாகவும் வசதி படைத்தவர்களுக்கு எழுதினர். இவை ‘ஜெருசலேம் கடிதங்கள்’ எனப்பட்டன. கைதியாக இருந்து பின்னர் பாரிஸ் காவல்துறையின் துப்பறியும் பிரிவுக்குத் தலைவரான விடோக் இவற்றைப் பற்றி எழுதியுள்ளார். நூறு கடிதங்கள் போனால் இருபதுக்குப் பதில் வந்துவிடும் என்பது அவர் தரும் கணக்கு.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இதே கதை ‘ஸ்பானியக் கைதி’ என்ற பெயரில் இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் சென்றது. செல்வந்தர் ஒருவர் ஸ்பெயின் நாட்டுச் சிறையில் வாடுகிறார். அவரை விடுவிக்கப் பணம் வேண்டும். உதவுபவருக்குப் பெரும் செல்வத்தில் பங்கு கிடைக்கும். விஷயம் வெளியே தெரிந்தால் அவர் உயிருக்கே ஆபத்து. பணம் அனுப்பியவருக்கு அடுத்த கடிதத்தில் இன்னொரு தடையும் இன்னொரு செலவும் காத்திருக்கும். 1898 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் இதைப் பழைய மோசடி ஒன்று மீண்டும் தலைதூக்குவதாகவே எழுதியது. அப்போதே அது பழையது!

419ம் 420ம்

1980களில் நைஜீரியாவிலிருந்து தட்டச்சுக் கடிதங்களும், பின்னர் தொலைநகல்களும் பல நாட்டு வணிகர்களுக்குச் செல்லத் தொடங்கின. எண்ணெய் ஒப்பந்தம் ஒன்றில் மிஞ்சிய பல லட்சம் டாலர் முடங்கிக் கிடக்கிறது. அதை வெளியே கொண்டுவர ஒரு வெளிநாட்டு வங்கிக் கணக்கு தேவை. கணக்குத் தருபவருக்குப் பெரிய பங்கு உண்டு என்பது கதை. இசைந்தவரிடம் வரி, வழக்கறிஞர் கட்டணம், கையூட்டு என்று ஒவ்வொன்றாகப் பணம் கறக்கப்பட்டது. தாமும் முறையற்ற செயலுக்கு உடன்பட்டதால், ஏமாந்தவர்கள் காவல் நிலையத்துக்குப் போகத் தயங்கினர். அந்தத் தயக்கமும் மோசடியின் ஒரு பகுதியே.

பொய் சொல்லிப் பொருள் பெறுவதைத் தண்டிக்கும் நைஜீரியச் சட்டப்பிரிவின் எண் 419. உலகெங்கும் இம்மோசடிக்கு அதுவே பெயராயிற்று. நம் நாட்டில் 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் வஞ்சனைக்கான பிரிவு 420. ‘ஃபோர் ட்வென்டி’ என்பது தமிழ்ப் பேச்சில் ஏமாற்றுக்காரருக்கே பட்டப்பெயராகிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் அப்பிரிவின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவு உள்ளது.

ஏமாந்தவர்கள் எல்லாரும் படிப்பறிவில்லாதவர்கள் என்று நினைப்பது தவறு. 1995க்கும் 1998க்கும் இடையே பிரேசில் நாட்டு வங்கி ஒன்றின் உயர் அதிகாரி, நைஜீரியத் தலைநகர் அபுஜாவில் விமான நிலையம் கட்டும் திட்டம் என்று நம்பி அனுப்பிய பணத்தால் வங்கிக்கு நேர்ந்த இழப்பு ஏறத்தாழ 24 கோடி டாலர். எதிர்முனையில் பேசியவர் நைஜீரிய மத்திய வங்கியின் ஆளுநராக நடித்தவர். நைஜீரிய அரசு 2003இல் அமைத்த பொருளாதாரக் குற்றத் தடுப்பு ஆணையம் இவ்வழக்கை நடத்தி, 2005இல் குற்றவாளிகளுக்குத் தண்டனை பெற்றுத் தந்தது.

இத்தகைய கடிதங்கள் ஏன் இவ்வளவு நம்ப முடியாதவையாக உள்ளன என்ற கேள்விக்கு மைக்ரோசாஃப்ட் நிறுவன ஆய்வாளர் கோர்மாக் ஹெர்லி 2012இல் ஒரு விளக்கம் தந்தார். சந்தேகப்படுபவர்கள் தொடக்கத்திலேயே விலகிவிட்டால், எளிதில் நம்புபவர்களிடம் மட்டும் நேரத்தைச் செலவிடலாம். ஆகவே கதையின் அபத்தம் ஏமாற்றுபவருக்கு ஒரு சல்லடையாகப் பயன்படுகிறது.

மின்னஞ்சல் தூண்டில்

கடிதத்துக்குத் தபால்தலை வேண்டும். மின்னஞ்சலுக்கு அதுவும் வேண்டியதில்லை. 1990களின் நடுவில் அமெரிக்காவின் ஏ.ஓ.எல். இணையச் சேவையில், நிறுவன ஊழியர்போல் நடித்துப் பயனர்களின் கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கும் வழக்கம் பரவியது. தூண்டில் போட்டு மீன் பிடிப்பதோடு ஒப்பிட்டு இதற்கு ‘ஃபிஷிங்’ என்று பெயர் வந்தது. எங்கள் ஊழியர் எவரும் கடவுச்சொல்லைக் கேட்கமாட்டார் என்ற எச்சரிக்கையை அந்நிறுவனம் தன் உரையாடல் திரையிலேயே காட்ட வேண்டியதாயிற்று. இன்று ஒவ்வொரு வங்கியும் திரும்பத் திரும்பச் சொல்லும் வாசகத்தின் முன்னோடி அது.

இங்கே ஒரு முக்கியமான மாற்றம் நிகழ்ந்தது. அதுவரை ஆசை காட்டிய மோசடி, இப்போது அச்சம் காட்டத் தொடங்கியது. ‘புதையல் கிடைக்கும்’ என்பதன் இடத்தில் ‘கணக்கு முடங்கும்’ என்பது வந்தது.

தமிழ்நாட்டுக் கைபேசிகளில்

“பேங்க் மேனேஜர் பேசுறேன், உங்க ஏ.டி.எம். கார்டு பிளாக் ஆயிடுச்சு” என்று கொச்சைத் தமிழில் வரும் அழைப்பைத் தமிழ்நாட்டில் அறியாதவர் குறைவு. அட்டையிலுள்ள எண்களைக் கேட்பது முதல் படி. இணையவழி அட்டைப் பரிவர்த்தனைகளுக்குக் கூடுதல் சரிபார்ப்பை இந்திய ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்ட் முதல் கட்டாயமாக்கியது. ஒருமுறை மட்டும் பயன்படும் ஓ.டி.பி. எண் பின்னர் பரவலானது. பூட்டு வலுவானதும் திருடர்கள் சாவி வைத்திருப்பவரைத் தேடி வந்தனர். பாதுகாப்புக்காக வந்த ஓ.டி.பி. எண்ணையே உரியவர் வாயால் சொல்லவைத்தனர்.

2016இல் வந்த யு.பி.ஐ. முறையிலும் இதுவே நடந்தது. பழைய மேசையை விற்க விளம்பரம் செய்தவரிடம், “பணம் அனுப்பியிருக்கிறேன், பின் எண்ணைப் போட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள்” என்பார்கள். பின் எண் பணம் கொடுப்பதற்குத் தேவை, பெறுவதற்குத் தேவையில்லை. இந்த ஓர் உண்மையை அறிந்திருந்தால் பலருடைய சேமிப்பு தப்பியிருக்கும்.

மின் கட்டணம் செலுத்தாததால் இன்றிரவு இணைப்பு துண்டிக்கப்படும் என்ற குறுஞ்செய்தி, தூது நிறுவனத்தின் பெயரில் வரும் முகவரி திருத்தும் இணைப்பு, வாட்ஸ்அப்பில் திருமண அழைப்பிதழாக வரும் ஏ.பி.கே. கோப்பு ஆகியவை இதன் பிற வடிவங்கள். அந்தக் கோப்பைத் திறந்து நிறுவினால், கைபேசிக்கு வரும் குறுஞ்செய்திகளை மோசடிக்காரர் படிக்க முடியும்.

கொச்சைத் தமிழை வைத்து மோசடியைக் கண்டுபிடிக்கும் காலமும் போய்விட்டது. நல்ல சம்பளத்தில் கணினி வேலை என்று நம்பித் தென்கிழக்காசியா சென்ற இளைஞர்கள் பலர் அங்கே அடைத்துவைக்கப்பட்டு, இணைய மோசடிச் செய்திகள் அனுப்பக் கட்டாயப்படுத்தப்பட்டனர். மியான்மரின் மியாவாடிப் பகுதியில் இவ்வாறு சிக்கிய தமிழர்கள் சிலர் 2022 அக்டோபரில் மீட்கப்பட்டுச் சென்னை வந்துசேர்ந்தனர். பிசேத்ர் சிறைக் கைதிகளுக்கு இரு நூற்றாண்டுகள் கழித்து, ஏமாற்றுச் செய்தியை எழுதுபவர் மீண்டும் அடைபட்ட மனிதராகவே இருக்கிறார். ஆனால் இவர்களுள் பலர் தாமே முதலில் ஏமாற்றப்பட்டவர்கள்.

வீட்டுக்குள் சிறை

அண்மைக்காலத்தின் கொடிய வடிவம் ‘டிஜிட்டல் கைது’. உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருந்தது, அல்லது உங்கள் ஆதார் எண் பண மோசடியில் சிக்கியுள்ளது என்று அழைப்பு வரும். பின்னர் காணொலி அழைப்பில் காவல் சீருடை அணிந்தவர் தோன்றுவார். போலி நீதிமன்ற ஆணை காட்டப்படும். கேமராவை விட்டு நகரக் கூடாது, யாரிடமும் பேசக் கூடாது, விசாரணை முடியும்வரை பணத்தை அரசுக் கணக்குக்கு மாற்ற வேண்டும் என்று மிரட்டுவார்கள். இதில் வாழ்நாள் சேமிப்பை இழந்த முதியவர்கள் பலர். ஸ்பானியக் கைதிக் கதையில் முகம் தெரியாத ஒருவர் சிறையில் இருந்தார். இக்கதையில் கேட்பவரே தம் வீட்டில் சிறைவைக்கப்படுகிறார்.

டிஜிட்டல் கைது என்ற ஒன்று இந்தியச் சட்டத்தில் இல்லை. 2024 அக்டோபரில் பிரதமர் தம் வானொலி உரையிலேயே இதைத் தெளிவுபடுத்தினார். மேலும், ஒருவரைக் கைது செய்தால் அவருடைய உறவினருக்கோ நண்பருக்கோ தெரிவிக்க வேண்டியது காவல்துறையின் கடமை. பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 48ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. சட்டம் ‘வீட்டாருக்குச் சொல்’ என்கிறது. மோசடிக்காரர் ‘வீட்டாருக்குச் சொல்லாதே’ என்கிறார். வேறுபாட்டை அறிய இதுவே போதும்.

மாறாத ஐந்து கூறுகள்

இருநூறு ஆண்டுக் கதைகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஐந்து கூறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன:

1. நாம் தேடாமலே தொடர்பு வருகிறது.
2. பெரும் ஆசையோ பெரும் அச்சமோ ஊட்டப்படுகிறது.
3. உடனே செய்ய வேண்டும் என்ற அவசரம் திணிக்கப்படுகிறது.
4. யாரிடமும் சொல்லக் கூடாது என்ற நிபந்தனை வருகிறது.
5. கடைசியில் பணமோ, இரகசிய எண்ணோ, ஓர் இணைப்பைத் தொடுவதோ கேட்கப்படுகிறது.

இவற்றுள் இரண்டு மூன்று சேர்ந்து வந்தாலே அழைப்பைத் துண்டித்துவிடலாம். உண்மையான வங்கியாக இருந்தால் இழப்பு ஒன்றுமில்லை. வங்கி அட்டையின் பின்புறமோ பாஸ்புக்கிலோ உள்ள எண்ணுக்கு நாமே அழைத்துக் கேட்கலாம். அழைத்தவர் கொடுத்த எண்ணையோ, இணையத் தேடலில் முதலில் வந்த எண்ணையோ நம்பக் கூடாது. வீட்டில் ஒருவரிடம் சொல்வது இவை எல்லாவற்றிலும் எளிய காவல். மோசடி அஞ்சுவது இரண்டாவது செவிக்குத்தான்.

பணம் போய்விட்டால் 1930 என்ற தேசிய உதவி எண்ணுக்கும் வங்கிக்கும் உடனே தெரிவிக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறும் முன்பு முடக்கினால் மீட்க வாய்ப்புண்டு. ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, வாடிக்கையாளர் கவனக்குறைவால் இரகசிய எண்ணைச் சொல்லியிருந்தாலும், வங்கிக்குத் தெரிவித்த பிறகு நேரும் இழப்பு அவரைச் சேராது. ஆகவே வெட்கப்பட்டுக் கழியும் ஒவ்வொரு மணி நேரமும் மோசடிக்காரருக்கே இலாபம். ஏமாந்தவரை ‘இதுகூடத் தெரியாதா?’ என்று கேலி செய்யும் வீட்டில், அடுத்த முறை யாரும் வாய் திறக்கமாட்டார்கள். இருநூறு ஆண்டுகளாக இக்கதையை வாழவைத்தது அந்த மௌனமும்தான்.